‘மூச்சில் மது வாடை’ என்று எழுதும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதில் 19 ஆண்டுகள் அவசர சிகிச்சைப் பிரிவில் கழிந்தன. அந்த நாட்களில் எல்லோரும் அதைக் கேஷுவால்டி என்றுதான் சொல்வோம். காலையில் தேநீரோடு உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தை முழுவதும் படிப்பது என் வழக்கம். விபத்துச் செய்திகளின் கடைசியில் ‘அவர் மதுபோதையில் இருந்ததாகக் கூறப்படுகிறது’ என்று அடிக்கடி ஒரு வரி வருகிறது. யார் கூறினார்கள், எப்படித் தெரிந்தது, எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்று எழுதியிருப்பதில்லை. அந்த வரி பெரும்பாலும் எங்கள் விபத்துப் பதிவேட்டிலிருந்து புறப்படுவது. அந்தப் பதிவேடு எப்படி நிரம்புகிறது என்பதை அருகில் நின்று பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

ஒரு கொத்தனாரிடமிருந்து தொடங்குகிறேன். பல ஆண்டுகளுக்கு முந்தைய ஐப்பசி மாதத்து இரவு. மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. வேலை முடித்து மொபெட்டில் வந்தவர், சாலை ஓரத்தில் கொட்டியிருந்த மண் குவியலில் ஏறி விழுந்திருக்கிறார். ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளி வரும்போதே பிராந்தி வாடை அறை முழுவதும் பரவியது. சட்டையும் வேட்டியும் நனைந்திருந்தன. பேச்சு குழறியது. ஊசி போடப் போன பயிற்சி மருத்துவரின் கையைத் தட்டிவிட்டார். நெற்றியின் இடப்பக்கம் ஒரு வீக்கம். பணியில் இருந்த மருத்துவருக்கு அன்றைக்கு ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பேர். பஸ் ஒன்று மரத்தில் மோதியிருந்தது. “தையல் போட்டு ஓரமாகப் படுக்க வையுங்கள், தெளிந்ததும் பார்க்கலாம்” என்றார். விபத்துப் பதிவேட்டில் ‘மூச்சில் மது வாடை உள்ளது’ என்று எழுதப்பட்டது. செவிலியர் குறிப்பில் அதே வரியை நானும் எழுதினேன்.

அவர் மனைவி வந்து சேர்ந்தபோது மணி பத்தரை இருக்கும். “அம்மா, அவர் இன்னும் குடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுத்தான் குடிப்பார். பாட்டில் மடியில் இருந்தது” என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் நம்பவில்லை. குடிகாரரின் மனைவி எல்லா இரவுகளிலும் சொல்வதுதானே என்று நினைத்தேன். பதினொன்றரை மணிக்கு ரத்த அழுத்தம் பார்க்கப் போனபோது அவர் அமைதியாகியிருந்தார். தூங்குகிறார் என்று ஒரு கணம் நிம்மதிகூட அடைந்தேன். இமையைத் தூக்கி டார்ச் அடித்தால் இடக்கண்ணின் மணி விரிந்து அப்படியே நின்றது. மண்டை ஓட்டுக்குள் ரத்தம் கட்டி மூளையை அழுத்திக்கொண்டிருந்தது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பி, அறுவை சிகிச்சை நடந்து, உயிர் பிழைத்தார். வலக்கை திரும்பவில்லை. கரணை பிடித்த கை அது.

அவருடைய உடைகளை ஒரு பையில் போட்டு மனைவியிடம் கொடுத்தபோது வேட்டி மடிப்புக்குள் கண்ணாடிச் சில்லுகள் இருந்தன. விழுந்த வேகத்தில் மடியில் இருந்த குவார்ட்டர் பாட்டில் உடைந்து அவரை நனைத்திருக்கிறது. வாகன ஓட்டி என்பதால் காவல்துறை கேட்டு எடுத்த ரத்தம் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போயிருந்தது. நான்கு மாதம் கழித்துக் காவல்துறைக்கு வந்த அறிக்கையில் மது எதுவும் கண்டறியப்படவில்லை என்று இருந்தது. அதற்குள் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ‘குடிபோதையில் மொபெட் ஓட்டிய கொத்தனார் படுகாயம்’ என்று வந்துவிட்டிருந்தது. அந்தத் துண்டை அவர் மனைவி மடித்து வைத்திருந்து என்னிடம் காட்டினார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

வாடை மூக்குக்குத் தெரியும். எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பது மூக்குக்குத் தெரியாது. தூய சாராயத்துக்கு, அதாவது எத்தனாலுக்கு, வாடை மிகக் குறைவு. நாம் முகர்வது பெரும்பாலும் அந்தப் பானத்தில் உடன் சேர்ந்திருக்கும் பிற பொருட்களின் மணம். தள்ளாட்டத்தையும் குழறலையும் வைத்துச் சொல்லலாம் என்றால் அதுவும் ஏமாற்றும். நாள்தோறும் குடித்துப் பழகியவர் 100 மில்லி ரத்தத்தில் 200 மில்லிகிராம் மது இருக்கும்போதும் நிமிர்ந்து உட்கார்ந்து தன் முகவரியைப் பிழையில்லாமல் சொல்வார். ஒருபோதும் தொடாத கல்லூரி மாணவர் முதல்முறை ஒரு பீரிலேயே சரிந்துவிடுவார். தலையில் அடிபட்டவர், சர்க்கரை இறங்கியவர், வலிப்பு வந்து தெளிகிறவர் ஆகிய மூவரும் குடித்தவரைப் போலவே உளறுவார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில்கூட ரத்தத்தில் அளந்து கண்ட மதுவுக்கு ஒய் 90 என்ற குறியீடும், கண்ணால் பார்த்து மதிப்பிட்டதற்கு ஒய் 91 என்ற வேறு குறியீடும் தனித்தனியாக இருக்கின்றன. இரண்டும் வேறு வேறு தரத்துச் சான்றுகள் என்பதால்தான் பிரித்து வைத்திருக்கிறார்கள். நம் பதிவேட்டில் இரண்டுக்கும் ஒரே கோடு.

இனி, வாய் சொல்வதைப் பற்றி.

“குடித்தீர்களா?” என்று கேட்டால் வரும் மறுமொழிகள் எனக்கு மனப்பாடம். “இல்லை சிஸ்டர்.” “கொஞ்சம்தான்.” “நேற்று.” “கல்யாண வீட்டில் வற்புறுத்திக் கொடுத்தார்கள்.” கையை உயர்த்திச் சத்தியம் செய்பவர்களும் உண்டு. பொய் சொல்கிறார்களே என்று தொடக்கத்தில் எனக்குக் கோபம் வரும். பிறகுதான் நாங்கள் எந்த இடத்தில் நின்று அதைக் கேட்கிறோம் என்று கவனித்தேன். கேஷுவால்டி மேசைக்கு இந்தப் பக்கம் நான். பக்கத்திலேயே காவலர், கையில் குறிப்பேட்டோடு. கட்டிலின் தலைமாட்டில் மனைவி, கால்மாட்டில் மைத்துனர். வெளியே எதிர்த் தரப்பு வண்டிக்காரரின் ஆட்கள். அந்த மனிதர் சொல்லும் மறுமொழி காயச் சான்றிதழில் ஏறும், அதன் நகல் காவல் நிலையத்துக்கும் பிறகு காப்பீட்டு நிறுவனத்துக்கும் போகும் என்று அவருக்குத் தெரியும். அவர் உண்மையைச் சொன்னால்தான் வியப்பு.

சட்டம் சொல்வது அவர் காதில் பாதியாக விழுந்திருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவின்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம். முதல்முறைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். அது வண்டி ஓட்டியவருக்கு, ஓட்ட முயன்றவருக்கு மட்டும் பொருந்தும். சாலை ஓரம் நடந்து போய் அடிபட்டவருக்கோ, பின்னால் உட்கார்ந்து வந்தவருக்கோ, தென்னை மரத்திலிருந்து விழுந்தவருக்கோ அந்தப் பிரிவு பாயாது. ஆனால் அவர்களும் பயந்துபோய் மறைக்கிறார்கள். இதை எடுத்துச் சொல்ல அந்த நேரத்தில் யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

பொய் ஒரே திசையில்தான் போகும் என்று எண்ண வேண்டாம். குடிக்காதவர் குடித்தேன் என்று சொன்னதையும் பார்த்திருக்கிறேன். ஒருவர் முழங்கை எலும்பு உடைந்து வந்தார். “போதையில் படியில் விழுந்துவிட்டேன்” என்று அவரே முன்வந்து சொன்னார். வாடை இல்லை, கண் சிவக்கவில்லை. மூன்றாம் நாள் கட்டு மாற்றும்போது, தம்பி கடப்பாரையால் அடித்ததை என்னிடம் மட்டும் சொல்லி அழுதார். தம்பியைக் காவல் நிலையத்துக்கு அனுப்ப அவருக்கு மனமில்லை. கணவரிடம் அடிபட்டு வரும் பெண்கள் கிணற்றடியில் வழுக்கியதாகச் சொல்வதைப் போலத்தான் இதுவும். அவருடைய பதிவில் இன்றும் ‘மது அருந்தி விழுந்தவர்’ என்றே இருக்கும்.

சரி, வாயை நம்ப வேண்டாம், ரத்தத்தை அளந்துவிடலாம் என்று வாசகர்கள் சொல்வார்கள். அளக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த எண்ணையும் அறிந்து படிக்க வேண்டும்.

நம் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். அரசு மதுக்கடையில் விற்கும் பிராந்தி பாட்டிலில் 42.8 விழுக்காடு என்று அச்சிட்டிருப்பார்கள். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் இருக்கும் தூய சாராயம் ஏறத்தாழ 60 கிராம். 60 கிலோ எடையுள்ள ஆண் அதை வெறும் வயிற்றில் குடித்து முடித்தால் 100 மில்லி ரத்தத்தில் 150 மில்லிகிராம் அளவுக்கு ஏறக்கூடும். ஈரல் அந்த 150ஐ மணிக்குச் சராசரியாக 15 வீதம் குறைக்கும். உடல்வாகும் சாப்பாடும் பொறுத்து முன்பின் ஆகும். தோராயமாக இதுதான் கணக்கு. கட்டிங் என்று சொல்லும் 90 மில்லிக்கு இதில் பாதி, ஏறத்தாழ 75.

ஒருவர் ஏழு மணிக்கு ஒரு கட்டிங் குடிக்கிறார். ஒன்பதரை மணிக்கு வண்டி மோதுகிறது. அந்த நேரம் அவர் ரத்தத்தில் 37 அளவுக்கு இருந்திருக்கும். சட்டம் சொல்லும் 30ஐத் தாண்டியாகிவிட்டது. கிராமத்திலிருந்து 108 ஆம்புலன்ஸ் அழைத்து வந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டுப் போட்டு, எங்களிடம் வரும்போது பதினொன்று. காவலர் கடிதத்தோடு வந்து ரத்தம் எடுக்கும்போது ஒரு மணி. அப்போது எடுத்த குழாயில் ஒன்றுமே இருக்காது. அந்த மனிதர் “ஏழு மணிக்கு ஒரு கட்டிங் அடித்தேன் சிஸ்டர்” என்று உண்மையைச் சொல்லியிருந்தால், அந்த இடத்தில் ஆய்வகத்தைவிட அவர் வாய்தான் சரியான சான்று. ரத்தம் எடுத்த நேரமும் காயம்பட்ட நேரமும் இல்லாமல் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரைக் குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ சொல்வது எப்படி?

எடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். இந்த ஒரு சோதனைக்கு மட்டும் ஊசி குத்தும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைக்கக் கூடாது. ஸ்பிரிட்டே சாராயம்தான். சோப்பும் தண்ணீரும் போதும். ரத்தத்தைச் சோடியம் புளோரைடு போட்ட குழாயில் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எடுத்து வைத்த ரத்தத்திலேயே நுண்ணுயிர்கள் புளிக்க வைத்து மதுவை உண்டாக்கிவிடும். சர்க்கரை பார்க்க வைத்திருக்கும் சாம்பல் நிற மூடிக் குழாய் அதற்குப் பொருந்தும். புதிதாக வந்த எத்தனையோ பயிற்சி மருத்துவர்கள் பழக்க வேகத்தில் ஸ்பிரிட் பஞ்சை எடுக்கும்போது கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். நான் இல்லாத இரவுகளில் என்ன நடந்ததோ. முத்திரை வைத்த குழாய் குளிர்சாதனப் பெட்டியில் இடமில்லாமல் மேசை மேலேயே மறுநாள் மதியம் வரை கிடந்ததையும் கண்டிருக்கிறேன்.

அந்த அறிக்கை சிகிச்சை செய்யும் எங்கள் கைக்கு வருவதே இல்லை. தடய அறிவியல் ஆய்வகம் காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் அனுப்புகிறது. வாரங்கள் ஆகும், மாதங்கள் ஆகும். நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு ‘இவர் உளறுவது மதுவாலா, மூளையில் ரத்தம் கட்டியதாலா’ என்று தவித்து நிற்கும் மருத்துவருக்கு அந்தச் சோதனையால் எள்ளளவும் பயனில்லை.

இன்னொருவரைப் பற்றிச் சொன்னால்தான் நான் எதற்காக இவ்வளவு எழுதுகிறேன் என்பது விளங்கும்.

அறுபதைத் தாண்டியவர். ஓய்வுபெற்ற அரசு ஊழியர். நெற்றியில் திருநீறு, சலவை வேட்டி. காலை ஆறரை மணிக்குப் பால் வாங்கப் போனவரை ஒரு மோட்டார் சைக்கிள் இடித்துவிட்டது. இடுப்பெலும்பு முறிவு. நான்தான் அனுமதிக் குறிப்பு எழுதினேன். பக்கத்தில் அவருடைய மகள், கையில் ஒரு வயதுக் குழந்தையோடு. “ஐயா, பீடி, சிகரெட், குடிப் பழக்கம் உண்டா?” என்று வரிசையாகக் கேட்டேன், படிவத்தில் இருந்த வரிசையில். அவர் மகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “இல்லையம்மா, அந்தப் பக்கமே போனதில்லை” என்றார். இல்லை என்று எழுதி அடுத்த படுக்கைக்குப் போய்விட்டேன்.

இரண்டாம் நாள் மாலை கை நடுங்கியது. வலியில் நடுங்குகிறார் என்றார்கள். மூன்றாம் நாள் இரவு போர்வையில் எறும்பு ஊர்வதாகச் சொல்லிப் பிய்த்துப் பிய்த்துப் போட்டார். வேர்வையில் மெத்தை நனைந்தது. காலில் கட்டியிருந்த எடையை இழுத்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். சலைன் ஊசியைப் பிடுங்கி எறிந்தார். வயதானவருக்கு மூளைக் குழப்பம் என்று எண்ணி இரண்டு கைகளையும் கட்டிலோடு கட்டினோம். ஐந்தாம் நாள் அதிகாலையில் இறந்துபோனார். உடலை வாங்க வந்த மருமகன், தயங்கித் தயங்கி, மாமா இருபது ஆண்டுகளாக இரவு உணவுக்கு முன் ஒரு குவார்ட்டர் குடிப்பவர் என்றும் வீட்டில் மாமிக்கு மட்டும்தான் தெரியும் என்றும் சொன்னார்.

நாள்தோறும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் ஆறு மணி நேரத்திலிருந்து நடுக்கம் தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நான்காம் நாட்களில் உயிரைக் குடிக்கும் பிதற்றல் வரலாம். முன்னதாகத் தெரிந்தால் தடுக்கக்கூடியது இது. லோராசிபாம் போன்ற மாத்திரையும் தயமின் ஊசியும் எங்கள் அலமாரியில் இருந்தன. விலை மலிந்த மருந்துகள். தெரியாததால் கொடுக்கவில்லை.

அன்று காலை அவர் ரத்தத்தை அளந்திருந்தால்? முந்தைய இரவு எட்டு மணிக்குக் குடித்தது காலை ஏழு மணிக்குள் முழுவதும் கழிந்திருக்கும். எந்த ஆய்வகமும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருக்கும். ரத்தம் கடந்த சில மணி நேரத்தை மட்டும் பேசும். இருபது ஆண்டுகளைப் பேச அவர் வாயால் மட்டுமே முடியும். அந்த வாயைத் திறக்க முடியாதபடி, மகளையும் பேரக் குழந்தையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டவள் நான். திரையை இழுத்துவிட்டு, மகளை மருந்துச் சீட்டோடு வெளியே அனுப்பிவிட்டு, “ஐயா, இது காவல்துறைக்கோ வீட்டுக்கோ போகாது. நாளை உங்களுக்கு எந்த மருந்து கொடுக்க வேண்டும் என்பதற்காகக் கேட்கிறேன்” என்று ஒரு நிமிடம் குனிந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்றே நம்புகிறேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை அப்படித்தான் கேட்டேன். சொன்னார்கள். “கடைசியாக எப்போது குடித்தீர்கள்? எத்தனை மணிக்கு? எவ்வளவு?” என்று, குடிப்பது உலக வழக்கம்தான் என்ற தொனியில் கேட்டால், குவார்ட்டரா, கட்டிங்கா, எந்தக் கடை என்பது வரை சொன்னார்கள். பெண்களும் சொன்னார்கள். பெண்களிடம் இதை யாரும் கேட்பதே இல்லை.

இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டும் இல்லை. 2001-02இல் உலக சுகாதார நிறுவனம் 12 நாடுகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் காயம்பட்டு வந்தவர்களிடம் இதையே ஆராய்ந்தது. இந்தியாவில் பெங்களூரு. காயத்துக்கு முந்தைய ஆறு மணி நேரத்தில் குடித்தீர்களா என்று கேட்டார்கள், ஊதினால் மதுவின் அளவைக் காட்டும் மூச்சுக் கருவியாலும் அளந்தார்கள். அந்த வகை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது என்னவென்றால், தண்டனைக்குப் போகாது என்று உறுதி கொடுத்துக் கேட்கும்போது பெரும்பாலோர் சொல்வதும் கருவி காட்டுவதும் ஒத்துப்போகின்றன. கருவி மது இருப்பதாகக் காட்டியும் இல்லை என்று சாதிப்பவர்கள் குறைவு. குடித்தேன் என்று ஒப்புக்கொண்டும் கருவி ஒன்றும் காட்டாதவர்கள், நேரம் கழிந்து வந்தவர்கள், பலர். கேட்கும் ஆளும் கேட்கும் இடமும் மாறினால் மறுமொழியும் மாறுகிறது.

எண்ணிக்கையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அதில் மதுவோ போதைப் பொருளோ காரணம் என்று பதிவானது மூன்று விழுக்காட்டுக்கும் குறைவு. 19 ஆண்டுகள் சனிக்கிழமை இரவுகளில் கேஷுவால்டியில் நின்றவளால் அதை ஏற்க முடியவில்லை. காவல்துறைப் பதிவுகளிலிருந்து திரட்டிய எண் அது. அளக்காத இடத்தில், பயந்து மறைக்கும் இடத்தில், குறைவாகத்தான் வரும். குறைவு என்ற அந்த எண்ணை வைத்துத்தான் மதுவைப் பற்றி அரசுகள் முடிவெடுக்கின்றன. மறுபக்கம் என் கொத்தனாரைப் போலக் குடிக்காதவரும் குடித்தவராகப் பதிவில் சேர்ந்துவிடுகிறார்.

நாங்கள் எழுதும் ஒரு வரி நீதிமன்றத்தில் எவ்வளவு கனம் பெறுகிறது என்று பயிற்சி மருத்துவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. 1971இல் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், சிறுநீரையோ ரத்தத்தையோ சோதிக்காமல், வாடை, தள்ளாட்டம், குழறல், விரிந்த கண்மணி ஆகியவற்றை மட்டும் வைத்து ஒருவர் குடித்திருந்தார் என்று தீர்மானிக்க இயலாது என்றது. அது குற்ற வழக்கு. 2021 ஏப்ரலில் கார் காப்பீட்டு வழக்கு ஒன்றில் அதே நீதிமன்றம், மூச்சுச் சோதனையோ ரத்தச் சோதனையோ இல்லாவிட்டாலும் பிற சான்றுகளைக் கொண்டு ஓட்டுநரின் போதையைக் காப்பீட்டு நிறுவனம் நிறுவலாம் என்றது. ஆக, பதினைந்து விநாடியில் எழுதிப் போகும் ‘மது வாடை’ ஒரு குடும்பத்தின் இழப்பீட்டைத் தீர்மானிக்கும் சான்றுகளில் ஒன்றாக ஆகிவிடலாம்.

காப்பீட்டுப் பயம் மருத்துவத்தை என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. 1947இல் அங்கே வந்த ஒரு மாதிரிச் சட்டப்படி, போதையில் ஏற்பட்ட காயத்துக்குப் பணம் தர மறுக்கக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு இடம் கிடைத்தது. பல மாநிலங்கள் அதை ஏற்றன. விளைவு, மருத்துவமனைகளில் பலர் சோதனை செய்வதையே விட்டார்கள். சோதித்து எழுதினால் நோயாளிக்கும் மருத்துவமனைக்கும் பணம் வராது. 2001இல் அந்தச் சட்டத்தைக் கைவிடும்படி காப்பீட்டுத் துறையை மேற்பார்க்கும் ஆணையர்களின் சங்கமே பரிந்துரைத்தது. இதற்கிடையில், சியாட்டில் நகரின் விபத்துச் சிகிச்சை மையத்தில் செய்து 1999இல் வெளியான ஓர் ஆய்வு, காயத்தோடு படுத்திருக்கும் நாட்களில் குடியைப் பற்றி அக்கறையோடு ஒருமுறை உட்கார்ந்து பேசினாலே, ஓராண்டு கழித்தும் அவர்களிடம் குடி கணிசமாகக் குறைந்திருப்பதைக் காட்டியது. காலில் கட்டுப் போட்டுப் படுத்திருக்கும் இளைஞர், அம்மா அழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த இரண்டு மூன்று நாட்களில் கேட்கும் மனநிலையில் இருப்பதை நானும் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குப் போன பிறகு அந்த மனநிலை இருப்பதில்லை.

எனவே மருத்துவத் துறைக்கு என் வேண்டுகோள். சிகிச்சைக்காகக் கேட்கும் மதுக் கேள்விகளை விபத்துப் பதிவேட்டிலிருந்து பிரித்துத் தனித் தாளில் வையுங்கள். நீதிமன்ற ஆணை இல்லாமல் அந்தத் தாள் யார் கைக்கும் போகக் கூடாது. காவல்துறைக்காக எடுக்கும் ரத்தம் அதன் வழியில் போகட்டும், அதை நான் தடுக்கச் சொல்லவில்லை. குடித்து வண்டியோட்டி ஒரு குழந்தையைக் கொன்றவனுக்காக நான் பரிந்து பேசவில்லை. அப்படி இறந்த குழந்தைகளை இந்தக் கைகளால் துடைத்து வெள்ளைத் துணியில் சுற்றியிருக்கிறேன். அந்த வழக்கு நிற்க வேண்டும் என்றாலும் சரியான நேரத்தில், சரியான குழாயில் எடுத்த ரத்தம்தான் வேண்டும். ஒவ்வொரு அவசர சிகிச்சைப் பிரிவிலும் சிகிச்சைக்கென்று ஒரு மூச்சுக் கருவி இருக்கட்டும். ஊத முடியாத நோயாளிக்கு மருத்துவமனை ஆய்வகத்திலேயே அன்றிரவே ரத்த மதுவின் அளவு கிடைக்கட்டும். எந்த எண்ணை எழுதினாலும் எடுத்த நேரத்தையும் அடிபட்ட நேரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். தலையில் அடிபட்டு வாடையோடு வருபவருக்கு, வாடை இல்லாதவருக்குச் செய்யும் அதே ஸ்கேனைச் செய்யுங்கள். அளவு அதிகமாகவே இருந்தாலும் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். குடித்தவரும் விழுவார், விழுந்தவர் மண்டையும் உடையும்.

உங்களிடம் கேட்பது இன்னும் எளிது, ஐயா. விபத்துச் செய்தி தரும் நிருபரிடம், மதுபோதை என்ற சொல் வந்தால் இரண்டு கேள்விகள் கேளுங்கள். அளந்தார்களா? எத்தனை மணிக்கு? மறுமொழி இல்லாவிட்டால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். ஆய்வக அறிக்கை வந்து குடிக்கவில்லை என்று தெரிந்தால், முதலில் வந்த அதே பக்கத்தில் அதையும் போடுங்கள். அந்தக் கொத்தனாரின் மனைவி இன்றும் எங்கள் ஊர்ச் சந்தையில் கீரை விற்கிறார். அந்த நாளிதழ்த் துண்டு அவரிடம் இன்னும் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் மடித்து வைக்க இன்னொரு துண்டு அவருக்குக் கிடைக்கவே இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்.